முட்டை பொரியும் நாள்

பேராதனையைக் கடந்து கலஹாவை நோக்கி மலையேறும் பேருந்தில் செல்பவர், புறப்படும்போது திறந்து வைத்த சாளரத்தைப் பாதி வழியில் மூடிவிடுகிறார். உயரம் கூடக் கூட வெப்பம் குறைகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்று பூகோள ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதை அப்பயணி தன் தோலினால் அறிந்துகொள்கிறார். கண்டி நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 24½ பாகை சென்டிகிரேட், தலவாக்கலையில் ஏறத்தாழ 18, நுவரெலியாவில் 16. இம்மூன்று எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் ஈண்டு சொல்லப் புகுந்த சரித்திரத்திற்கு இவை வேண்டப்படும்.

மலையகத்தின் சரித்திரம் இரு விதமாகச் சொல்லப்படுவதுண்டு. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நாட்டினார் என்று தொடங்குவது ஒன்று. நம் பாடநூல்கள் இவ்வகையின. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து காட்டு வழியே நடத்திக் கொண்டுவரப்பட்ட மக்களிடமிருந்து தொடங்குவது மற்றொன்று. இதுவே நியாயமான தொடக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் துரையும் தொழிலாளியும் ஒருவரையொருவர் எதிர்நோக்கி நின்ற அதே மலையில், இருவரையும் பொருட்படுத்தாத மூன்றாவது கூட்டம் ஒன்றும் வாழ்ந்தது. அது பூச்சிக் கூட்டம். அதன் சரித்திரத்தை நாம் பூச்சியியலாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட்டோம். ஒதுங்கியது தவறு என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய எண்ணம்.

கோப்பிக் காலத்திலிருந்தே தொடங்கலாம். 1840களில் கண்டியைச் சூழ்ந்த மலைகளெல்லாம் கோப்பியாகிக் கொண்டிருந்தபோது, செடிகளின் இளங்கொம்புகளில் செதிற்பூச்சி அப்பிற்று. தோட்டக்காரர் அதனைக் 'கோப்பிப் பூச்சி' என்றே பெயரிட்டழைத்தனர். பேராதனைப் பூங்காவின் கண்காணிப்பாளராயிருந்த ஜோர்ஜ் கார்ட்னர் அதனை ஆராய்ந்தார். பின்னர் தோட்டக்காரரும் இயற்கை நூலறிஞருமான யோன் நீட்னர் என்னும் ஜெர்மானியர், இலங்கைக் கோப்பிச் செடியின் பகைவர்களைப் பற்றி 1861 இல் கொழும்பில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்நூலில் நமக்கு வேண்டிய செய்தி இரண்டு உண்டு. கபிலநிறச் செதிற்பூச்சி குளிர்ந்த ஈரமான உயர்நிலங்களையும், வெள்ளைப் பூச்சி வெப்பமான உலர்ந்த இடங்களையும் நாடும் என்று அவர் பிரித்தறிந்தமை ஒன்று. பூச்சியையும் வெப்பத்தையும் சேர்த்து நோக்கிய கண் இந்நாட்டில் அப்போதே விழித்துக்கொண்டது. மற்றொன்று, கோப்பி இலையைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் சிறு அந்துப்பூச்சி ஒன்றுக்கு அவர் பெயரிட்டமை. கோப்பியைக் குறிக்கும் 'கொபியாரியா' என்னும் சொல் அப்பெயரில் இடம்பெற்றது.

1869 இல் இலைத்துரு நோய் தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. வங்கிகள் முறிந்த கதையையும், வேலையிழந்த தொழிலாளர் பட்ட துயரையும் பலர் எழுதியுள்ளனர். நீட்னரின் அந்துப்பூச்சி முறியவில்லை. கோப்பி நின்ற இடத்தில் தேயிலை வந்தது. அதுவும் தேயிலைக்கு மாறிற்று. இன்றும் தேயிலையின் இலைச்சுருட்டிப் புழுவுக்கு விஞ்ஞான உலகில் வழங்கும் பெயர் ஹோமோனா கொபியாரியா. கோப்பித் தோட்டங்களின் மிச்சமாக மலையில் எஞ்சிய பெயர்களுள் இதுவும் ஒன்று என நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு; சிரிக்கிறார்கள்.

இப்பூச்சியின் வாழ்க்கை முறையைச் சற்று விரிவாகப் பார்த்தாலன்றி மேலே செல்ல இயலாது. தாய் அந்து இலையின் மேற்பரப்பில் முட்டைகளைத் தனித்தனியே இடுவதில்லை. மீன் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிய, நூறும் அதற்கு மேலுமாக, மஞ்சள் நிறத் தகடாக ஒட்டிவிடுகிறது. அத்தகடு இலையில் இருக்கும்வரை அத்தனை புழுக்களும் ஒரு விரல்நுனி அகலத்துள் அடங்கியவை. ஒருவர் அதனைக் கிள்ளியெடுத்தால் நூறு புழுக்கள் தீர்ந்தன. பொரிந்துவிட்டாலோ, நூற்பு இழையில் தொங்கிக் காற்றோடு பறந்து செடிக்கொன்றாய்ப் பரவி, இளந்தளிர்களைச் சுருட்டி உள்ளே புகுந்துகொள்ளும். பிறகு நூறு செடிகளில் நூறு சுருட்டுகளைத் தேட வேண்டும். ஆகவே, இந்தப் புழுவோடு மனிதன் நடத்திய போர் முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. முட்டை எந்த நாளில் பொரியும்?

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பத்தைந்து ஆண்டுகளில் இலங்கைத் தேயிலையின் கொடிய பகைவருள் ஒன்றாக இப்புழு எண்ணப்பட்டது. அக்காலத்தில் அதற்கெதிராகக் கையாளப்பட்ட முக்கியமான வழி, முட்டைத் தகடுகளைக் கையால் பொறுக்குதலே. பொறுக்கியவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்தெடுக்கும் பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் செடிக்குச் செடி இலையைப் புரட்டிப் பார்த்துப் பொறுக்கினர். பொறுக்கியவை எண்ணப்பட்டன. தேயிலை நூல்களில் முட்டைத் தகடுகளைப் பற்றிப் படிக்கலாம். விரல்களைப் பற்றிப் படித்தல் அரிது.

இதில் மறைந்து கிடக்கும் கணக்கு ஒன்று உண்டு. கொழுந்தெடுப்பவர் ஒரு மலைக்கு மீண்டும் வரும் இடைவெளி, வெப்பமான இடத்தில் ஏழு நாள் அளவாகவும் குளிர்ந்த உயரங்களில் அதனினும் நீண்டும் இருக்கும். முட்டை இடப்பட்டதிலிருந்து பொரிவதற்கும் வெப்பமான இடத்தில் ஒரு வாரமளவும் குளிர்ந்த இடத்தில் அதனினும் மிகுதியும் செல்கிறது. இவ்வொப்புமை தற்செயலானது என்று நாம் நினைக்கவில்லை. தேயிலைத் தளிரும் தன் வளர்ச்சிக்கு வெப்பத்தையே எண்ணுகிறது. ஏறத்தாழ 12½ பாகைக்குக் கீழே அது பெரும்பாலும் உறங்கிவிடும் என்று ஆபிரிக்காவின் மலாவித் தோட்டங்களில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தளிரும் முட்டையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன; கொழுந்துக்கூடையைச் சுமந்த பெண் அக்கடிகாரத்தின் முள்ளைப்போல மலையைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்றுப் பிந்தினால் கொழுந்தும் முற்றியது, முட்டையும் பொரிந்தது. இரண்டிற்கும் ஏச்சு வாங்கியவள் அவளே.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் மூதாட்டி ஒருவரை, நம் மாணவி ஒருத்தியின் அம்மாயியை, சென்ற ஆண்டு சந்தித்தோம். எண்பதைக் கடந்தவர். சிறுமியாயிருந்தபோது தாயோடு மலைக்குச் சென்று சுருட்டுப்புழுவும் முட்டையும் பொறுக்கியதை நினைவு வைத்திருந்தார். முட்டை எப்போது பொரியும் என்று எவ்வாறு அறிந்தீர்கள் என வினவினோம். "மஞ்சளா இருந்தா நிக்கும், மாஸ்டர். கறுப்புக் கறுப்பாப் புள்ளி விழுந்துட்டா அன்னைக்கே கையை வச்சிடணும். மறுநாள் போனா வெறுந்தோலுதான் இருக்கும்" என்றார். பூச்சியியல் நூல்கள் இந்நிலையைக் 'கருந்தலைப் பருவம்' என்கின்றன. முட்டைக்குள் உருவாகி முடிந்த புழுவின் கறுத்த தலை, மெல்லிய ஓட்டின் ஊடே தெரிவதே அப்புள்ளி. அம்மூதாட்டி பள்ளிக்கூடம் சென்றவரல்லர்.

ஆயினும் கண்ணால் கண்டறிதல் ஒன்று. காண்பதற்கு முன்னே சொல்லுதல் வேறொன்று. இந்த இரண்டாவதற்குத்தான் வெப்பமானி வேண்டும். அதன் வரலாறு கண்டிக்கு வெகு தொலைவில் தொடங்குகிறது.

பிரான்சில் றெயோமூர் என்னும் அறிஞர் தம் பெயரால் வழங்கிய வெப்பமானியை அமைத்தவர்; பூச்சிகளைப் பற்றி ஆறு பெருந்தொகுதிகள் எழுதியவரும் அவரே. கூட்டுப்புழுக்களுட் சிலவற்றை வெப்பமான செடிவீட்டிலும் சிலவற்றைக் குளிர்ந்த நிலவறையிலும் வைத்து, முன்னவை விரைந்தும் பின்னவை மிகப் பிந்தியும் அந்தாகி வெளிப்படுவதைக் கண்டார். 1735 இல் அவர் பயிர்களைப் பற்றி ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு பயிர் முதிர்வதற்கு வேண்டுவது இத்தனை நாள் என்பதைவிட இத்தனை வெப்பம் என்பதே பொருந்தும். நாள்தோறும் உள்ள வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் அத்தொகை ஆண்டுக்காண்டு ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கும் என்பது அக்கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பூச்சியியலார் இதனைப் பூச்சிகளுக்கு முறையாகப் பொருத்தினர். சாண்டர்சன், பெயர்ஸ் என்னும் இருவர் 1913 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலராலும் சுட்டப்படுவது.

கணக்கு எளிது. எட்டாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லலாம். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு கீழெல்லை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே முட்டைக்குள் வளர்ச்சி நின்றுவிடும். அன்றைய சராசரி வெப்பத்திலிருந்து அக்கீழெல்லையைக் கழித்தால் வருவது அன்று முட்டை பெற்ற கூலி. அதனைப் 'பாகைநாள்' என்பர். நாள்தோறும் இக்கூலியைக் கூட்டுக. குறித்த தொகை நிறைந்த அன்று முட்டை பொரியும். அமெரிக்காவின் ஆப்பிள் தோட்டங்களில் கனித்துளைப்பான் அந்துக்கு இக்கணக்கு நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. ஆண் அந்துக்கள் பொறியில் இடையறாது விழத் தொடங்கிய நாளிலிருந்து, 50 பாகை பாரன்ஹீட்டைக் கீழெல்லையாகக் கொண்டு 250 பாகைநாள் கூடியதும் முட்டைகள் பொரியத் தொடங்கும்; மருந்தை அப்போது தெளித்தால் போதும். முன்னே தெளித்தது வீண். பின்னே தெளித்தால் புழு கனிக்குள் புகுந்துவிட்டிருக்கும்.

கண்டி மலைகளில் இக்கணக்கு ஏன் காலந்தாழ்ந்து வந்தது? ஒரு காரணத்தைத் தோட்டத்து பங்களாக்களிலேயே காணலாம். தோட்டந்தோறும் மழைமானி இருந்தது. நூறாண்டு மழைக் குறிப்பு சிறு தோட்டங்களிலும் கிடைக்கும். வெப்பநிலைக் குறிப்போ சில நிலையங்களில் மட்டுமே ஒழுங்காக எடுக்கப்பட்டது. மழை கொழுந்தின் றாத்தலோடு நேரே தொடர்புடையது. றாத்தல் இலாபத்தோடு தொடர்புடையது. எதற்கு விலையுண்டோ அது அளக்கப்பட்டது. மற்றொரு காரணம் இன்னும் கசப்பானது. கூலி மலிவாய் இருந்தபோது கணக்கு வேண்டியிருக்கவில்லை. முட்டை எந்நாளில் பொரியும் என்று அறியாவிட்டாலும், எல்லா நாளும் பொறுக்கும் கைகள் இருந்தன.

1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. சில ஆண்டுகளில் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அங்கு பணியாற்றிய காட் என்பவரின் காலத்தில் இலைச்சுருட்டிப் புழுவுக்கு வேறொரு விடை கிடைத்தது. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து சிறு குளவியொன்று கொண்டுவரப்பட்டது. மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்பது அதன் பெயர். அக்குளவியின் குஞ்சு புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதனை அழிப்பது. மலைகளில் விடப்பட்ட அக்குளவி வேரூன்றிச் சில ஆண்டுகளில் பரவிற்று. நாடு முழுதும் அஞ்சிய புழு, அரிதாகத் தலைகாட்டும் ஒன்றாயிற்று. உலகில் தேயிலையைப் பொறுத்தவரை உயிரியல் முறையிற் கிடைத்த பெருவெற்றிகளுள் இது முதன்மையானது. முட்டை பொறுக்கும் வேலை மலையிலிருந்து மெல்ல மறைந்தது.

பொறுக்கிய கைகளுக்கு என்ன கிடைத்தது? 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வாக்குரிமை இழப்பும் கிடைத்தன. 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அவ்வாறு சென்றவர்களுட் பலருக்காக நீலகிரியில் தமிழ்நாட்டரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. முட்டையின் நிறம் பார்த்து நாள் சொல்லும் அறிவும் அவர்களுடன் இராமேசுவரத்துக்குக் கப்பலேறியிருக்கும். அதனைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர் எவரும் நம் கண்ணிற் படவில்லை.

இனி இரண்டாவது பூச்சிக்கு வருவோம். கண்டிக்காரருக்கு இதுவே அணுக்கமான பகை. தேயிலைக் கொம்பில் ஊசித்துளை போன்ற ஓட்டையிட்டு உட்புகும் துளைப்பான் வண்டு. பெண்வண்டு இரண்டரை மில்லிமீற்றர் நீளமுமில்லை. 1868 இல் ஐக்கோவ் என்பவர் அதற்குப் பெயரிட்டார். 1890களின் தொடக்கத்தில் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலையில் அது அறியப்பட்டது. அப்பெயருக்குள் ஒன்றையொன்று ஒத்த பல இனங்கள் அடங்கியிருந்தன என்று அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டிப் பெயர்களை மாற்றியுள்ளன. அவ்வழக்கு நமக்கு ஈண்டு வேண்டாம். இவ்வண்டு மரத்தைத் தின்பதில்லை என்பது வியப்பு. துளையின் சுவரில் ஒரு பூஞ்சணத்தைப் பயிரிட்டு, அதனையே தானும் தின்று குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. அப்பூஞ்சணத்தைக் காட், லூஸ் என்னும் இருவரும் 1940களில் ஆராய்ந்து விளக்கினர். தோட்டக்காரனோ பயிர்செய்யும் பூச்சியைக் கண்டு வியக்கும் நிலையில் இல்லை. துளைபட்ட கொம்பு கொழுந்தெடுக்கும் கை பட்டாலே முறிகிறது. கவ்வாத்துச் செய்து ஓரிரு ஆண்டில் செடி சிதைகிறது.

இதன் முட்டை கொம்புக்குள்ளே இருக்கிறது. பொறுக்க முடியாது, நிறம் பார்க்கவும் முடியாது. எனவே 1950களின் பிற்பகுதியில் டீல்ட்ரின் என்னும் நஞ்சு மலைக்கு வந்தது. கொம்பின் மேற்பரப்பில் நெடுநாள் தங்கி நிற்கும் ஆற்றலே அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. தங்கி நின்றது, வண்டைக் கொன்றது, யாவாக் குளவியையும் கொன்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்த இலைச்சுருட்டிப் புழு டீல்ட்ரின் தெளித்த தோட்டங்களில் மீண்டும் படையெடுத்தது. 1960களில் நிலையத்து ஆய்வாளர் இக்காரணத்தைத் தெளிவாக்கினர், டீல்ட்ரின் கைவிடப்பட்டது. ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளிவந்த ஆண்டு 1962. அமெரிக்கப் பறவைகளைப் பற்றி உலகம் படித்துக்கொண்டிருந்த அதே வேளையில், அதே பாடம் நம் மலைகளில் செயலாக நடந்துகொண்டிருந்தது. குளவிக்கு நேர்ந்ததைக் கண்டோம். முதுகில் தெளிகருவியைச் சுமந்து, கையுறையின்றி மலையில் நடந்தவனுக்கு நேர்ந்ததைப் பற்றி நிலையத்து அறிக்கை பேசாது. அது பூச்சியியல் அன்றல்லவா! டீல்ட்ரின் 2001 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலகளவில் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இத்துளைப்பானின் முட்டைக்கு வெப்பக் கணக்கை முறையாக எழுதியவர்கள், இலங்கைத் தேயிலைப் பூச்சியியலாளர் வால்கமவும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துச் சலுக்கியும் ஆவர். அவர்களின் ஆய்வுகள் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. கொம்புக்குள் காணமுடியாத பூச்சியைச் செயற்கை உணவில் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து, 15 பாகைமுதல் 32 பாகைவரை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து நாள் எண்ணினர். முட்டையின் கீழெல்லை பதினைந்தரைப் பாகையை அண்டியது. பொரிவதற்கு வேண்டிய தொகை ஏறத்தாழ 70 பாகைநாள். முப்பது பாகையளவும் வேகம் ஏறிச் சென்று பிறகு சரிகிறது என்பதால், நேர்கோட்டுக் கணக்கு எங்கே பிழைக்கும் என்பதையும் பல சூத்திரங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

இப்போது தொடக்கத்தில் கேட்டுக்கொண்ட மூன்று எண்களை எடுப்போம். கணக்கு நம்முடையது, வகுப்பறைக் கணக்கு. கண்டியில் 24½ இலிருந்து 15½ போக 9; எழுபதை ஒன்பதால் வகுத்தால் எட்டு நாள். தலவாக்கலையில் 18 இலிருந்து 15½ போக 2½, இருபத்தெட்டு நாள். நுவரெலியாவில் எஞ்சுவது அரைப் பாகை. நூற்று நாற்பது நாள்! கண்டியைச் சூழ்ந்த இடைநிலை உயரத் தோட்டங்களில் இவ்வண்டு ஏன் கொழிக்கிறது, நுவரெலியா ஏன் தப்பியது என்பதற்கு இதைவிடச் சுருங்கிய விளக்கம் இல்லை.

கூர்மையான மாணவன் ஒருவன் இவ்விடத்தில் குறுக்கிட்டான். "சேர், நுவரெலியாவில் பகலில் இருபது பாகை வருகிறதே?" அவன் கேட்டது சரி. பகலில் பாதி நேரம் 20, இரவில் பாதி நேரம் 12 என்று கொள்வோம். சராசரி 16 தான். ஆனால் இரவில் வளர்ச்சி நிற்குமேயன்றிப் பின்னோக்கிச் செல்லாது. பகலில் பெற்ற கூலியை முட்டை இரவில் திருப்பிக் கொடுப்பதில்லை. பகலுக்கு 4½ இல் பாதி, அதாவது 2¼ பாகைநாள் நாள்தோறும் சேர்கிறது; அப்படியானால் முப்பத்தோரு நாளில் பொரிந்துவிடும். சராசரி என்னும் எண் கீழெல்லைக்கு அருகில் வரும்போது நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதை அன்று நாமும் கற்றோம். இக்காரணத்தாலேயே நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் தனித்தனியே எழுதி, இடைப்பட்ட ஏற்றவிறக்கத்தை வளைகோடாக வரைந்து கணக்கிடும் முறை வந்தது. மக்களின் சராசரி வருமானத்தைப் பற்றிப் பொருளியல் ஆசிரியரும் இதே எச்சரிக்கையைச் சொல்லுவார் என்று நினைக்கிறோம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். உலகம் வெப்பமுறுகிறது, மலைகளும் அதற்கு விலக்கல்ல. ஒரு பாகை கூடினால் என்ன நேரும்? கண்டியில் எட்டு நாள் ஏழாகும். தலவாக்கலையில் இருபத்தெட்டு நாள் இருபதாகும். அதே ஒரு பாகை கீழே ஒரு நாளையும் மேலே எட்டு நாளையும் குறைக்கிறது. குளிரே இதுவரை உயர்மலைகளுக்கு ஊதியமின்றி நின்ற காவற்காரன். அவன் பின்வாங்கினால், கொம்பு முறிந்த தேயிலையும் குறைந்த கொழுந்தும் மேலே ஏறும். கொழுந்து குறைந்தால் றாத்தல் குறையும். றாத்தல் குறைந்தால் அரைப்பேர் விழும். துளைப்பான் வண்டின் செலவு கடைசியில் எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்று பார்ப்பவர்க்கு, இது வெறும் பூச்சியியலாகத் தோன்றாது.

கண்டி, மாத்தளைப் பகுதிகளின் தோட்டங்கள் இதற்கு ஆயத்தமாக உள்ளனவா? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள், 1992 இல் பெரும்பாலும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. இடைநிலை உயரத்தில் எஞ்சிய சில அரசின் சபையிடமும் கூட்டுத்தாபனத்திடமும் தங்கின. முதிர்ந்த செடிகள், பிந்திய கவ்வாத்து, காடேறிய மலைகள். இவற்றைக் காண ஹந்தானைக்கு ஏறினாலே போதும். அதே ஹந்தானையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று இருக்கிறது. பூச்சிக் கணக்கை அறிந்தவர்கள் அங்கே உண்டு. அவர்களின் எண்ணுக்கும் காடேறிய மலைக்கும் இடையிலுள்ள தூரம் கல்லளவில் மிகச் சிறியது. ஆராய்ச்சி வெளியீடு ஆங்கிலத்தில் இருக்கிறது. மலையில் கொம்பைத் தொடுபவள் தமிழில் வாழ்கிறாள். எழுபது, பதினைந்தரை என்னும் இரண்டு எண்களைத் தமிழில் அவளிடம் சேர்ப்பது எத்துணைப் பெரிய வேலை? ஆசிரியர்களாகிய நாம் இதற்கு அரசை மட்டும் குறைகூறித் தப்ப முடியாது.

இவ்வெண்ணத்தோடு சென்ற ஆண்டு பள்ளியில் ஒரு சோதனை தொடங்கினோம். தேயிலைப் பூச்சி கைக்கெட்டவில்லை. பள்ளித் தோட்டத்துத் தேசிக்கன்றில் வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டைகளை எடுத்துக்கொண்டோம். அதன் புழுவும் நாற்றுகளை மொட்டையடிக்கும் பீடையே. ஒரே நாளில் இடப்பட்ட முட்டைகளைப் பிரித்து, இலையோடு இரண்டு போத்தல்களில் இட்டோம். ஒன்று கண்டியில் வகுப்பறையில்; மற்றொன்று உயரத்திலுள்ள தோட்டத்திலிருந்து வரும் மாணவனின் லயத்தில். இரண்டிடத்தும் வெப்பமானி. இரண்டு வெவ்வேறு சராசரி வெப்பமும், இரண்டு வெவ்வேறு நாளெண்ணிக்கையும் கிடைத்தால், கீழெல்லை, தொகை என்னும் அறியாத இரண்டையும் இரு சமன்பாடுகளால் கண்டுவிடலாம். கணித ஆசிரியர் மகிழ்ந்து தம் பாடவேளையொன்றைத் தந்தார்.

கண்டிப் போத்தலில் முட்டைகள் கறுத்துப் பொரிந்தன. லயத்துப் போத்தலை மூன்றாம் இரவில் எறும்பு தின்றுவிட்டது. மாணவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வெட்கம் என்று பிறகு தெரிந்தது. அவன் ஒழுங்காக எழுதி வைத்திருந்த வெப்பக் குறிப்பு மட்டும் எஞ்சியது. காலை ஆறு மணிக்கும் மாலை இரண்டு மணிக்கும் அவன் பள்ளியில் இருந்த நாட்களில் அவன் அம்மா பார்த்துச் சொன்னதாக எழுதியிருந்தான். கொழுந்து நிறுக்கச் செல்லும் வழியில் லயத்துக்கு வந்து பார்த்தாராம்.

இவ்வாண்டு தட்டில் நீர் ஊற்றி, அதன் நடுவே போத்தலை வைத்திருக்கிறோம்.